ஒளிப்பொட்டைப் பிடிப்பது: ஸ்பாட்டிங் ஸ்கோப் வழியே பறவைகளைப் படமெடுக்க ஓர் அறிமுகம்

மழைக்காலம் முடிந்த மாதங்களில், பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் சாலையில் கோதண்டராமர் கோயிலுக்கு வழி பிரியும் இடத்தருகே நின்று பார்த்தால், ஆழமற்ற நீர்ப்பரப்பின் அக்கரையில் வெளிறிய இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரியும். அது பூநாரைக் கூட்டம். பைனாகுலரில் அந்தக் கோடு தனித்தனிப் பறவைகளாகப் பிரிகிறது. முக்காலியில் நிறுத்திய ஸ்பாட்டிங் ஸ்கோப்பிலோ, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து ஒவ்வொன்றும் சேற்றை அலசுவதையும், கறுத்த அலகு நுனியிலிருந்து நீர் சொட்டுவதையும் காணலாம். பார்த்த மகிழ்ச்சியில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தால், கிடைப்பது மீண்டும் அந்த இளஞ்சிவப்புக் கோடு மட்டுமே. கண் கண்டதைக் கைப்பேசியும் காண வேண்டுமானால், கண் இருந்த இடத்தில் கைப்பேசியை வைக்க வேண்டும். டிஜிஸ்கோப்பிங் என்று அழைக்கப்படும் முறையின் சாரம் இவ்வளவுதான்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது நிலத்தில் உள்ளவற்றைப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட ஒற்றைக்குழல் தொலைநோக்கியாகும். முன்புறம் உள்ள அகன்ற பொருளருகு லென்ஸ் ஒளியைத் திரட்டுகிறது. உள்ளே உள்ள பட்டகங்கள் தலைகீழ் பிம்பத்தை நிமிர்த்துகின்றன. பின்புறம் உள்ள கண்ணருகு லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குத் தருகிறது. பரவலாகக் கிடைக்கும் ஸ்கோப்புகளின் பொருளருகு லென்ஸ் 60 முதல் 85 மில்லிமீட்டர் வரை விட்டம் கொண்டது. உருப்பெருக்கத்தை 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம். டிஜிஸ்கோப்பிங்கில் கேமராவின் லென்ஸைக் கழற்றுவதில்லை. கேமரா தன் லென்ஸுடனேயே, ஒரு கண்ணைப் போல, ஸ்கோப்பின் பின்னால் நின்று பார்க்கிறது. தொடங்குவோருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன என்பதால் இதை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த முறையின் வரலாறு நீண்டதன்று. 1999ஆம் ஆண்டில் மலேசியாவைச் சேர்ந்த பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, நிக்கான் கூல்பிக்ஸ் 950 என்ற சிறிய டிஜிட்டல் கேமராவை லைக்கா ஸ்கோப் ஒன்றின் பின்னால் வைத்துப் பார்த்து, கிடைத்த படங்களின் தெளிவைக் கண்டு வியந்தார். டிஜிஸ்கோப்பிங் என்ற சொல்லை அதே ஆண்டில் உருவாக்கியவர் பிரெஞ்சுப் பறவை ஆர்வலர் அலன் ஃபோசே என்று சொல்லப்படுகிறது.

மழைக்காட்டுப் பறவைகளை இப்படிப் படமெடுப்பதற்கும் நம் கடற்கரையில் படமெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கருவியின் இயல்பு தானாகவே விளங்கிவிடும். ஆனைமலைப் பகுதியின் மழைக்காட்டில் அத்தி பழுத்த மரத்தில் வந்தமரும் பெரும் இருவாட்சியை எண்ணிப் பாருங்கள். தொலைவு அங்கே பெரிய தடையன்று, ஒளியே தடை. அடர்ந்த இலைக்கூரை வானொளியின் மிகச் சிறு பங்கைத்தான் கீழே விடுகிறது. ஆகவே அங்கே ஸ்கோப் வைத்திருப்பவர் ஒவ்வொரு துளி ஒளிக்கும் ஏங்குவார், உருப்பெருக்கத்தை 20 மடங்குக்கு மேல் கூட்டத் தயங்குவார். இராமநாதபுரம் கரையில் ஒளிக்குப் பஞ்சமே இல்லை. மரமற்ற மணல்வெளியும், உப்பளமும், நீர்ப்பரப்பும் ஒளியைத் திருப்பி வீசுகின்றன. இங்கே நமக்குத் தடையாக நிற்பவை தொலைவு, காற்று, கானல் ஆகிய மூன்றுமே. ஒரே கருவி இரண்டு இடங்களில் இரண்டு வகையாகச் சோதிக்கப்படுகிறது.

இப்போது ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில், சூரியன் இல்லாத திசையில், ஸ்கோப்பை வானத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணருகு லென்ஸிலிருந்து ஒரு முழம் பின்னால் தள்ளி நின்று அதைப் பாருங்கள். (சூரியனை நோக்கி ஸ்கோப்பை எக்காரணம் கொண்டும் திருப்பக் கூடாது, ஒரு நொடியில் பார்வை பறிபோகும்.) கறுத்த வட்டத்தின் நடுவே, நெற்றிப்பொட்டைப் போலச் சிறிய, பளிச்சென்ற ஒரு வட்டம் காற்றில் மிதப்பது போலத் தெரியும். ஸ்கோப் திரட்டிய ஒளி முழுவதும் அந்தப் பொட்டின் வழியாகத்தான் வெளியே வருகிறது. அதை இங்கே ஒளிப்பொட்டு என்று குறிப்பிடுகிறேன். நாம் ஸ்கோப்பில் பார்க்கும்போது, நம்மை அறியாமலேயே நம் கண்மணியை அந்த ஒளிப்பொட்டின் மேல் கொண்டுபோய் வைக்கிறோம். படமெடுக்கும்போது கேமரா லென்ஸின் துளையை அங்கே வைக்க வேண்டும். டிஜிஸ்கோப்பிங் என்ற கலையே இந்த ஒளிப்பொட்டைச் சிந்தாமல் பிடிக்கும் கலை என்பது என் துணிபு.

ஒளிப்பொட்டின் விட்டத்தைக் கணக்கிடுவது எளிது. பொருளருகு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் போதும். 65 மில்லிமீட்டர் ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் பொட்டின் விட்டம் 3.25 மில்லிமீட்டர், அதையே 60 மடங்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர். விட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் பரப்பு ஒன்பதில் ஒன்றாகக் குறையும். இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் முதன்மைக் கேமராவின் துளை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இருக்கும். 20 மடங்கில் ஒளிப்பொட்டு அந்தத் துளையை நிரப்பிவிடுகிறது. கைப்பேசி தன் முழு ஆற்றலுடன் படமெடுக்கிறது. 60 மடங்கிலோ அதே துளைக்குள் ஏழில் ஒரு பங்கு அல்லது எட்டில் ஒரு பங்கு ஒளிதான் நுழைகிறது. படம் புள்ளி புள்ளியாக உடைவதற்கும், சிறு அசைவும் கலங்கலாகப் பதிவதற்கும் காரணம் இதுவே. உருப்பெருக்க வளையத்தைக் கடைசிவரை திருகிவிட வேண்டும் என்ற ஆசை தொடங்கும் எல்லாருக்கும் உண்டு. 20 முதல் 30 மடங்குக்குள் நின்று பழகுங்கள் என்பதே என் முதல் அறிவுரை.

விலை உயர்ந்த பெரிய கேமராவைவிடக் கைப்பேசி இந்த வேலைக்கு ஏன் பொருத்தமாக இருக்கிறது என்ற வியப்புக்கும் இதே கணக்கு விடை தருகிறது. பெரிய கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டி ஸ்கோப்பின் பின்னால் வைத்தால், அந்த லென்ஸின் துளை 25 மில்லிமீட்டர் அகலமாகத் திறந்திருந்தாலும் பயனில்லை. நுழையும் ஒளிக்கற்றை 3.25 மில்லிமீட்டர்தான் என்பதால் அது எஃப் 15 என்ற அளவுக்கு, அதாவது அந்த 50 மில்லிமீட்டரில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குக்கு, துளை சுருக்கப்பட்ட லென்ஸைப் போலவே நடந்துகொள்ளும். மேலும், பெரிய லென்ஸ்களில் ஒளி நுழையும் துளை கண்ணாடிகளுக்கு நடுவே ஆழத்தில் இருப்பதால், ஒளிப்பொட்டு அதுவரை எட்டாது. கைப்பேசியின் லென்ஸ் சிறியது. அதன் துளை முகப்பிலேயே இருக்கிறது. நம் கண்மணியின் அளவுக்கும் அமைப்புக்கும் அது நெருங்கி வருகிறது.

ஒளிப்பொட்டு தவறினால் என்ன ஆகும் என்பதைத் திரை உடனே காட்டிவிடும். படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் ஒன்று தோன்றினால், கைப்பேசி ஒளிப்பொட்டிலிருந்து முன்னேயோ பின்னேயோ விலகியிருக்கிறது என்று பொருள். ஒரு பக்கத்தில் மட்டும் பிறைபோல நிழல் விழுந்தால் பக்கவாட்டில் விலகியிருக்கிறது என்று பொருள். கண்ணருகு லென்ஸைச் சுற்றியுள்ள ரப்பர்க் குவளையைத் திருகி ஏற்றி இறக்கினால் இடைவெளியைச் சரிசெய்யலாம். பொருத்தமான இடத்திலும் மெல்லிய வளையம் எஞ்சினால், கைப்பேசியில் ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு பெரிதாக்கி அதை ஒதுக்கிவிடலாம். கையால் பிடித்துக்கொண்டே இந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் காப்பாற்ற முடியாது. அதற்காகத்தான் அடாப்டர் எனப்படும் பிடிமானம் தேவைப்படுகிறது. குறிப்பிட்ட கைப்பேசிக்கென்று செய்யப்பட்ட உறைபோன்ற அடாப்டர் விரைவாக மாட்டக் கழற்ற ஏற்றது. எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்தும் கவ்வி வகை மலிவானது, ஆனால் ஒவ்வொரு முறையும் நடுவைத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பல லென்ஸ்கள் கொண்ட கைப்பேசிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. பெரிதாக்கும்போது கைப்பேசி தானாகவே அடுத்த லென்ஸுக்குத் தாவிவிடும்; அந்த லென்ஸின் முன்னால் ஒளிப்பொட்டு இல்லாததால் திரை இருண்டுபோகும். லென்ஸ் மாறாமல் பூட்டி வைக்கும் வசதி உங்கள் கைப்பேசியில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தொலைவுக்குப் பார்க்கிறோம் என்பதையும் ஒரு பெருக்கலில் சொல்லிவிடலாம். கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இணையான அகலத்தைப் பார்க்கிறது. 20 மடங்கு ஸ்கோப்பின் பின்னால் அது 520 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இணையாகிறது. 30 மடங்கில் 780. அதற்கு இணையான கேமரா லென்ஸ்களில் உயர்தரமானவை பல லட்சம் ரூபாய் விலையும் மூன்று கிலோ எடையும் உள்ளவை. ஆயினும் பறக்கும் ஆலாவையும், கரையோரம் விரைந்தோடும் சிறு உப்புக்கொத்திகளையும் அந்த லென்ஸ்கள் பின்தொடர்ந்து பிடிப்பதுபோல ஸ்கோப்பால் பிடிக்க இயலாது. நிற்கும் பறவை, மெதுவாக இரை தேடும் பறவை, உறங்கும் பறவை ஆகியவையே இந்த முறைக்கு உரியவை.

குவியப்படுத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்கோப் சரியாகக் குவிந்திருக்கும்போது கண்ணருகு லென்ஸிலிருந்து ஒளிக்கதிர்கள் ஏறத்தாழ இணையாக வெளிவருகின்றன. கைப்பேசிக்கு அது வெகு தொலைவிலுள்ள பொருளைப் பார்ப்பதுபோல இருக்கும். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்கோப்பில் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்தால், அந்தக் குவியம் அவர் கண்ணின் குறையையும் சேர்த்தே ஈடுசெய்திருக்கும். குறையில்லாத கைப்பேசிக்கு அது மங்கலாகத் தெரியும். ஆகவே கண்ணால் பறவையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கைப்பேசியை மாட்டிய பிறகு, அதன் குவியத்தை விரலால் அழுத்திப் பூட்டிவிட்டு, திரையைப் பார்த்தபடியே ஸ்கோப்பின் வளையத்தை மெல்லத் திருகுங்கள். பறவையின் கண்ணில் ஒளி ஒரு புள்ளியாக மின்னும் இடமே சரியான இடம். வெயிலில் திரை தெரியாவிட்டால் தலையில் துண்டைப் போர்த்திக்கொள்ளலாம்.

முதல் வாரத்தில் கடற்கரைக்குப் போக வேண்டாம். வீட்டு மொட்டை மாடியிலிருந்து தொலைவிலுள்ள பனைமரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மட்டையில் அமரும் காகத்தை ஸ்கோப்புக்குள் கொண்டுவருவது, கைப்பேசியை மாட்டுவது, குவியப்படுத்துவது, இரண்டு நொடி டைமரை வைத்துப் படமெடுப்பது என்ற நான்கு செயல்களையும் ஒரு நிமிடத்துக்குள் செய்யும் வரை பழகுங்கள். 30 மடங்கில் ஸ்கோப் காட்டும் வட்டம் மிகக் குறுகியது; மரத்தைக் கண்டுபிடிப்பதற்கே முதலில் திணறுவீர்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் தேடி, கிடைத்த பிறகு கூட்டுவது வழக்கமாக வேண்டும்.

கரைக்கு வந்த பிறகு முக்காலிதான் உங்கள் ஸ்கோப்பைவிட முக்கியமான பொருள். பறவையை 20 மடங்கு பெரிதாக்கும் கருவி நடுக்கத்தையும் 20 மடங்கு பெரிதாக்குகிறது. வாடைக் காற்று வீசும் மாதங்களிலேயே வலசைப் பறவைகளும் இங்கே இருக்கின்றன என்பதால் காற்றிலிருந்து தப்ப வழியில்லை, எதிர்கொள்ளத்தான் வேண்டும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களை அகல விரித்து, மணலுக்குள் உறுதி தட்டும் வரை அழுத்தி, நடுவில் கனமான பையைத் தொங்கவிட்டு, தரையில் உட்கார்ந்து படமெடுங்கள். கண்ணருகு லென்ஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் வகை ஸ்கோப் இதற்கு வசதியானது. தரையோடு ஒட்டி எடுத்த படத்தில் பறவை நம் கண் மட்டத்தில் நிற்பதன் அழகும் சேர்ந்துவிடும். சேற்றுக் கரையில் கால்கள் படமெடுக்கும்போதே மெல்லப் புதைந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை வைத்தால் புதைவது குறையும். வடகடல் பக்கம் காற்று தாங்க முடியாத அளவுக்கு இருந்தால், மண்டபம், பாம்பன் பகுதிகளில் தென்கடல் பக்கம் தோப்புகளின் மறைவில் அமைதியான இடம் கிடைக்கும். படமெடுக்கும் பொத்தானை விரலால் தொடுவதே ஓர் அதிர்வு என்பதால் டைமரையோ, புளூடூத் ரிமோட்டையோ பயன்படுத்துங்கள்.

கானலைப் பற்றித்தான் நம் கரையில் படமெடுப்பவர் மிகுதியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். 65 மில்லிமீட்டர் ஸ்கோப் ஒன்று, காற்று முற்றிலும் அமைதியாக இருந்தால், 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் திறன் கொண்டது; இறகின் விளிம்புகளை எண்ணிவிடலாம். ஆனால் வெயில் ஏறியதும் மணலும் உப்பளத் தரையும் சூடாகி, தங்கள் மேலுள்ள காற்றையும் சூடாக்குகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைபாயும்போது, அவற்றின் வழியே வரும் ஒளி ஒவ்வொரு கணமும் வெவ்வேறு பக்கம் வளைகிறது. திரையில் பறவையின் கால்கள் நெளியும், உடல் கரையும், எவ்வளவு திருகினாலும் குவியம் பிடிபடாது. குற்றம் ஸ்கோப்பிலும் இல்லை, கைப்பேசியிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் காலை ஒன்பதரை மணிக்குச் சென்று ஒரு நல்ல படமும் கிடைக்காமல் ஸ்கோப்பில் பழுதோ என்று கலங்கியிருக்கிறேன். மறுநாள் விடியலில் அதே இடத்தில் அதே கருவி கூர்மையான படங்களைத் தந்தது. சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரமும், மாலை நான்கரைக்குப் பின்னும், மேகம் மூடிய நாள்களும் படத்துக்கு உரியவை. சூடான மணலைக் கடந்து பார்ப்பதைவிட நீர்ப்பரப்பைக் கடந்து பார்ப்பது நல்லது. நீர் அவ்வளவு விரைவாகச் சூடாவதில்லை. எவ்வளவு குறைந்த காற்றைக் கடந்து பார்க்கிறோமோ அவ்வளவு தெளிவு கூடும் என்பதால், 300 மீட்டரில் உள்ள பறவையை 60 மடங்கில் எடுப்பதைவிட 80 மீட்டரில் உள்ள பறவையை 20 மடங்கில் எடுப்பது எப்போதும் மேலானது.

பனிக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தனுஷ்கோடிச் சாலையிலிருந்து வடக்கே உள்ள நீர்ப்பரப்பைப் பார்ப்பவருக்கு ஒளி முதுகுப் பக்கமிருந்து வந்து பறவையின் மேல் விழும். வெண்மையான பறவைகளைக் கைப்பேசி தேவைக்கு மேல் வெளுக்கச் செய்துவிடும். திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்துக்கொண்டால் பூநாரையின் இளஞ்சிவப்பு மீண்டு வரும். சேற்றில் அலகைச் செருகிச் செருகி எடுக்கும் பட்டைவால் மூக்கன், கோட்டான் போன்ற நீண்ட அலகுக் கரைப்பறவைகளை 4கே வீடியோவாக எடுத்து, தலை நிமிரும் கணத்தைத் தனிப்படமாகப் பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரித்த படம் ஏறத்தாழ 8 மெகாபிக்சல் இருக்கும்.

80 மீட்டரில் பறவை வேண்டும் என்பதற்காக 300 மீட்டரில் நிற்கும் பறவையை நோக்கி நடக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. நீர் ஏறும்போது பறவைகள் கரையை நோக்கித் தள்ளப்படும்; எங்கே ஒதுங்கும் என்று இரண்டு மூன்று நாள் கவனித்து, அவை வருவதற்கு முன்பே அங்கே சென்று அமர்ந்துவிட வேண்டும். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த ஓர் உள்ளானுக்கு இரை தேடும் ஒவ்வொரு நாழிகையும் திரும்பிப் போவதற்கான கொழுப்பாகச் சேர்கிறது. நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அது கரைகிறது. தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததை நெஞ்சார வரவேற்கிறேன். மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது. காரங்காட்டின் அலையாத்திக் காடுகளில் வனத்துறையின் படகுகள் உண்டு, ஆனால் ஆடும் படகில் ஸ்கோப்புக்கு வேலையில்லை, அங்கே பைனாகுலரே துணை. எல்லைக்கு அருகிலுள்ள கடற்கரை இது என்பதால், நீண்ட குழாயுடன் உட்கார்ந்திருப்பவரைக் காவலர்கள் விசாரிப்பது இயல்பு. அடையாள அட்டையை உடன் வைத்திருங்கள். எடுத்த படங்களைக் காட்டுங்கள்.

உப்புக்காற்று லென்ஸின் மேல் மெல்லிய படலமாகப் படியும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் ஊதுகுழாயால் மணலை அகற்றி, பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். முக்காலியின் கால்களை வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

மண்டபத்தில் ஒரு மாலை, வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். ஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பினேன். பருத்த கறுப்பு அலகுடன் நண்டைக் கவ்வி நின்ற கறுப்பு வெள்ளைப் பறவையை, நண்டுதின்னியை, அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, சின்னப் பிள்ளையில இருந்து பாக்குறேன், அது காலு நீலமா இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். பிறகு, பக்கத்தில் நின்ற பட்டைவால் மூக்கனின் காலில் ஏதோ துணி சுற்றியிருப்பதாகச் சொன்னார். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. துணியன்று, பறவை ஆய்வாளர்கள் வலசையைக் கண்டறிவதற்காகக் கட்டும் வண்ணக்கொடி அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் போன்ற அமைப்புகள் பல்லாண்டுகளாக இப்படி வளையமிட்டும் கொடி கட்டியும் வருகின்றன. கொடியின் நிறத்தையும் அதிலுள்ள எழுத்துகளையும் படித்து அனுப்பினால், அந்தப் பறவை எங்கே, எப்போது பிடிக்கப்பட்டது என்பது தெரியவரும். பறவையை மீண்டும் பிடிக்காமலேயே அதன் பயணத்தின் ஒரு கண்ணி கிடைத்துவிடும். கைப்பேசியை மாட்டி, உருப்பெருக்கத்தை 40 வரை உயர்த்தி, காற்று ஓயும் இடைவெளிகளில் முப்பது படங்கள் எடுத்தேன். வெயில் சாய்ந்திருந்ததால் கானல் இல்லை. இருபத்தொன்பது படங்களில் எழுத்து கலங்கியிருந்தது. ஒன்றில் பறவை காலைத் தூக்கி ஒரு கணம் அசையாமல் நின்றிருந்தது. கொடியின் மூன்று எழுத்துகளையும் முதியவரே திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.